பதம் பொது, பெயர் யாருடையது? நகலெடுத்தல் குறித்த வாதங்கள்: ஒரு மீள்பார்வை

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பின் வேறு ஊரில் காய்ச்சியதை அந்தப் பெயரில் விற்பது தண்டனைக்குரிய குற்றம். குறைந்தது ஆறு மாதம் சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் அபராதம் என்று சட்டம் தொடங்கி, மூன்று ஆண்டு, இரண்டு லட்சம் வரை போகிறது. ஆனால் அதே பாலை, அதே சர்க்கரையை, அதே பக்குவத்தில் கிண்டி மதுரையிலோ கோவையிலோ விற்க யாருக்கும் தடையில்லை. டப்பாவின்மேல் அந்த ஊர்ப்பெயர் மட்டும் கூடாது. செய்முறை எல்லாருக்கும் பொது. பெயர் சிலருக்கே உரியது.

இந்தப் பாகப்பிரிவினை எளிதாகத் தோன்றினாலும் இதற்குப் பின்னால் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ஒருவர் செய்ததைப் பார்த்து இன்னொருவர் செய்வதை அரசு எப்போது தடுக்க வேண்டும், எப்போது கண்டுகொள்ளாமல் விட வேண்டும், எப்போது தானே முன்னின்று ஊக்க வேண்டும்? இக்கேள்விக்கு ஐரோப்பாவில் முந்நூறு ஆண்டுகளாகவும் இந்தியாவில் ஒன்றரை நூற்றாண்டாகவும் விடைகள் சொல்லப்பட்டுவருகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சற்றுத் தள்ளிச் சிவகாசி என்று விரியும் இந்த வட்டாரம் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தொழிலாகவே வாழ்ந்து பார்த்திருக்கிறது.

விடைகளை எடைபோடுமுன் ஓர் எச்சரிக்கை. காப்புரிமை, பதிப்புரிமை, வணிகச் சின்னம், புவிசார் குறியீடு ஆகிய நான்கையும் 'அறிவுசார் சொத்து' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுவது இன்றைய வழக்கம். காப்புரிமை கண்டுபிடிப்பைக் காக்கிறது. பதிப்புரிமை எழுத்து, இசை, படம் போன்ற வெளிப்பாட்டை. மற்ற இரண்டும் பெயரை. ஒன்றுக்குப் பொருந்தும் வாதத்தை மற்றொன்றுக்கு இழுப்பதால்தான் இத்துறையில் பாதி விவாதம் ஒருவரையொருவர் தொடாமலே நடக்கிறது.

பார்த்துக் கற்ற தொழில்கள்

நகலெடுத்தலே வளர்ச்சியின் ஏணி என்பது முதல் நிலைப்பாடு. இதற்குச் சிவகாசியைவிடத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். வானம் பார்த்த பூமியில் தீக்குச்சி வந்தது. அதன் மருந்து அறிவிலிருந்து பட்டாசு வந்தது. இரண்டுக்கும் லேபிள் ஒட்ட வேண்டியிருந்ததால் அச்சகம் வந்தது. அந்த அச்சகங்களே பின்னர் காலண்டரும் நாட்குறிப்பும் அடித்துத் தள்ளின. இந்தத் தொடரில் எந்தக் கண்ணியும் இந்த ஊரில் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. எல்லாமே எங்கோ பார்த்து, இங்கே செய்துபார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி பார்த்துச் செய்தவை.

ராஜபாளையத்தின் கதையும் இதற்கு அயலல்ல. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் லங்காஷயர் உலகுக்குக் கொடுத்த நூற்புத் தொழிலைக் கரிசல் பருத்திக்கு அருகே கொண்டுவந்தது. அருகிலுள்ள சத்திரப்பட்டியின் விசைத்தறிகள் மருத்துவமனைக்கான பேண்டேஜ் துணியில் தேர்ந்தன. ஒரு தறியில் ஓடியது அடுத்த தறியிலும் ஓடியது. பால்கோவாவே ஓர் இறக்குமதி என்றுதான் ஊர்வழக்கு சொல்கிறது. வடக்கிலிருந்து வந்து குடியேறிய குடும்பமொன்று 1940கள் வாக்கில் ஆண்டாள் கோயிலருகே கடை போட்டதிலிருந்து அது பரவியதாகப் பேச்சு. பாலைச் சுண்டவைத்துக் கோவா ஆக்கும் கலை வட இந்தியாவில் பழையது என்பதால் இந்த வழக்கை நம்ப இடமிருக்கிறது. அப்படியானால் இன்று போலிகளிடமிருந்து காக்கப்படும் பொருள், தொடக்கத்தில் தானே ஒரு நல்ல நகல்.

பொருளியலில் இந்த நிலைப்பாட்டுக்கு வலுவான ஆதரவு உண்டு. இன்று கடுமையான காப்புரிமையை வலியுறுத்தும் நாடுகள், தாம் வளர்ந்த காலத்தில் அப்படி இருந்ததில்லை என்று ஹா-ஜூன் சாங் 2002இல் வெளியான தம் நூலில் விரிவாக வாதிட்டார். நெதர்லாந்து 1869இல் தன் காப்புரிமைச் சட்டத்தையே ஒழித்துவிட்டு 1912 வரை அது இல்லாமல் இருந்தது. அந்த இடைவெளியில்தான், 1891இல், பிலிப்ஸ் நிறுவனம் மின்விளக்குச் செய்யத் தொடங்கியது. சுவிட்சர்லாந்து 1888 வரை நாடு தழுவிய காப்புரிமைச் சட்டம் இல்லாமலே இருந்தது. வேதித்துறைக்கு அது நீண்டது 1907இல்.

ஆனால் இந்த வாதத்தின் ஆதரவாளர்கள் சிவகாசியை மேற்கோள் காட்டும்போது பாதிக் கதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எல்லாரும் ஒரே பொருளை ஒரே முறையில் செய்தால் போட்டி எதில் நடக்கும்? விலையில். விலையைக் குறைக்க எதைக் குறைப்பது? மருந்தின் விலை, குச்சியின் விலை எல்லாருக்கும் ஒன்றுதான். கூலி மட்டுமே கையடக்கமானது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தை உழைப்பு எந்த அளவுக்குப் பரவியிருந்ததென்றால், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் நாடு முழுவதற்குமான நெறிமுறைகளை அங்கிருந்துதான் வகுத்தது. இன்னொன்று: தீப்பெட்டித் தொழில் வெறும் நகலால் பிழைக்கவில்லை. ஸ்வீடன் நாட்டு முதலீட்டில் வந்த விம்கோவின் இயந்திரத் தொழிற்சாலைகளுக்கு எதிரே கைத்தொழிலாக நின்றவர்களுக்கு மத்திய அரசு பல்லாண்டு காலம் குறைந்த கலால் வரி விதித்தது. ஆக, ஏணி இருந்தது என்பது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டிருந்தது வரிக்கொள்கை.

கண்டுபிடித்தவருக்குக் கூலி

எதிர்முனையில் நிற்பது உரிமை வாதம். இதற்கு இரண்டு கிளைகள். உழைத்தவருக்கே உழைப்பின் பயன் என்று ஜான் லாக்கிலிருந்து வரும் அறவாதம் ஒன்று. விதைப்பவருக்கு அறுவடை உறுதியில்லை என்றால் யார் விதைப்பார் என்று பெந்தாம் வழியில் வரும் பயன்வாதம் மற்றொன்று. சட்டமன்றங்களில் வென்றது இரண்டாவது. அது ஒரு பேரம்: கண்டுபிடித்ததை மறைக்காமல் ஊருக்குச் சொல், பதிலுக்குச் சில ஆண்டுகள் தனியுரிமை வைத்துக்கொள்.

இந்தப் பேரம் கட்டுபடியாகிறதா என்பதுதான் சிக்கல். அமெரிக்க செனட் குழு ஒன்றுக்காக ஃப்ரிட்ஸ் மாக்லப் 1958இல் தயாரித்த ஆய்வு இன்றும் இத்துறையில் மிக நேர்மையான ஆவணம் என்பது என் கருத்து. காப்புரிமை முறை இல்லாத நாட்டில் அதைப் புதிதாகக் கொண்டுவரச் சொல்லும் அளவுக்குச் சான்றில்லை, நெடுங்காலம் இருந்த நாட்டில் ஒழிக்கச் சொல்லும் அளவுக்கும் சான்றில்லை என்ற இடத்தில் அவர் வந்து நின்றார். அரை நூற்றாண்டு கழித்து போல்ட்ரினும் லெவினும் 2008இல் இம்முறையை அடியோடு ஒழிக்கச் சொல்லி எழுதினார்கள். அவர்களுடைய வரலாற்றுச் சான்றுகள் சுவையானவை. மருந்து போன்ற, ஆய்வுச்செலவு மிகுந்த துறைகளுக்கு அவர்கள் தரும் மாற்றுவழிதான் இன்னும் பெரிய அளவில் சோதிக்கப்படாதது.

இந்தியாவின் விடையை வடிவமைத்தவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்து பின்னர் உச்ச நீதிமன்றம் சென்ற என். ராஜகோபால அய்யங்கார். 1959இல் அவர் தனியொருவராக அளித்த அறிக்கை, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு வெளிநாட்டார் கையில் இருந்தன, அவற்றிலும் மிகப் பெரும்பாலானவை இங்கே தொழிலாக நடத்தப்படவே இல்லை என்று காட்டியது. கண்டுபிடிப்பை ஊக்குவதாகச் சொல்லப்பட்ட வேலி உண்மையில் இறக்குமதிச் சந்தையைக் காத்துவந்திருக்கிறது. அதன் விளைவே 1970ஆம் ஆண்டுச் சட்டம். மருந்துக்கும் உணவுக்கும் பொருள்மீது காப்புரிமை கிடையாது, செய்முறைமீது மட்டுமே என்றது அது. இந்திய மருந்துத் தொழில் அந்த இடைவெளியில்தான் எழுந்தது. 2001இல் சிப்லா, எய்ட்ஸ் நோய்க்கான கூட்டு மருந்தை நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருவதாக அறிவிக்க முடிந்ததும் அதனால்தான்.

உலக வர்த்தக அமைப்பின் உடன்பாட்டால் 2005இல் பொருள் காப்புரிமை திரும்ப வந்தது. கூடவே 3(ஈ) என்ற பிரிவும் வந்தது. பழைய மருந்தின் புதிய வடிவம் கூடுதல் பயனைக் காட்டாவிட்டால் காப்புரிமை இல்லை என்பது அதன் சாரம். புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்கு நோவார்ட்டிஸ் 1998இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். அது 2006இல் மறுக்கப்பட்டது. பிரிவையே எதிர்த்த மனுவை 2007இல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் முதல் நாள் உச்ச நீதிமன்றமும் விண்ணப்பத்தை மறுத்தது. உரிமை வாதத்தை இந்தியா ஏற்றுக்கொண்டது, ஆனால் அதன் வாசற்படியை உயர்த்திவைத்தது என்று இதைப் படிக்கலாம். இந்த நிலைப்பாட்டிலும் ஒரு பலவீனம் உண்டு. பிறர் கண்டுபிடித்ததை மலிவாகச் செய்யும் திறன் வளர்ந்த அளவுக்குப் புது மருந்து கண்டுபிடிக்கும் திறன் வளரவில்லை. அதற்குச் சட்டம் காரணமா, ஆய்வில் முதலீடின்மை காரணமா என்பதில் ஒருமித்த கருத்து இன்னும் இல்லை.

பாரதி பாட்டும் திருட்டு விசிடியும்

எழுத்துக்கும் இசைக்கும் வரும்போது தமிழ்நாடு உலகில் வேறெங்கும் எளிதில் காணாத ஒரு விடையைத் தந்தது: அரசே உரிமையை வாங்கி ஊருக்கு விட்டுவிடுவது. பாரதி 1921இல் இறந்தபின் அவருடைய நூல்களின் உரிமை கைமாறிக் குடும்பத்துக்குள் சுழன்றது. பாட்டுகளின் இசைத்தட்டு உரிமை ஒரு வணிகரிடம் போய், அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் 1948ஆம் ஆண்டுப் படமான 'பில்ஹண'னில் பாரதி பாட்டைப் பயன்படுத்தியபோது தகராறு மூண்டது. பாரதியை விடுவிக்க வேண்டும் என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் இயக்கம் நடத்தினார்கள். 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. 1955இல் யாரும் அச்சிடலாம் என்று பொதுவாக்கியது. ஆ.இரா. வேங்கடாசலபதி இந்த வரலாற்றை ஆவணங்களோடு தனி நூலாகவே எழுதியிருக்கிறார்.

அந்த ஒற்றை நிகழ்வு பின்னாளில் கொள்கையானது. நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாகியிருக்கின்றன, 2024இல் மு. கருணாநிதியின் நூல்களும் அதில் சேர்ந்தன. வாரிசுகளுக்கு ஒரு தொகை, வாசகருக்கு மலிவுப் பதிப்பு. கல்கியை எடுத்துக்கொள்வோம். அவர் மறைந்தது 1954இல். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை நீளும் பதிப்புரிமை 2014 முடியும்வரை இருந்திருக்கும். 1999இல் நாட்டுடைமை ஆனதால் பதினைந்து ஆண்டு முன்னதாகவே 'பொன்னியின் செல்வன்' பல பதிப்பகங்களின் கைக்குப் போனது. விலையில் போட்டி வந்தது. இதன் குறைகளும் அதே போட்டியிலிருந்தே பிறந்தவை. நாட்டுடைமை நூல்களின் மலிவுப் பதிப்புகளில் எழுத்துப்பிழை, விடுபடல், சுருக்கம் குறித்த குற்றச்சாட்டுகள் ஓயவில்லை. உரிமை எல்லாருக்கும் என்றானபின் பாடத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. எல்லா வாரிசுகளும் இதை விரும்பவும் இல்லை. 2009இல் அறிவிப்பு வந்தபோது சுந்தர ராமசாமியின் குடும்பமும் கண்ணதாசனின் குடும்பமும் ஏற்க மறுத்தன.

அதே அரசுதான் இன்னொரு கையில் குண்டாந்தடியும் வைத்திருந்தது. 1982ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, 2004இல் திருட்டு விசிடி விற்பவர்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்துவைக்கலாம். கள்ளச்சாராயத்துக்கும் அடிதடிக்கும் எழுதிய சட்டம் பஸ் நிலையத்தில் தட்டு விற்றவர்மேலும் பாய்ந்தது. மூலப்பிரதியைக் கசியவிட்டவர் எவ்வளவு பேர் அதில் சிக்கினார்கள் என்பது வேறு கேள்வி. விசிடி பின்னர் மறைந்தேவிட்டது. ஆனால் அதைச் சட்டம் ஒழித்தது என்று சொல்வதைவிட, பதிவிறக்கம் ஒழித்தது என்று சொல்வதே பொருந்தும்.

ஒரே மாநிலம் ஒரே நகலெடுத்தலுக்கு, ஒரு பக்கம் பணம் கொடுத்து வழிதிறந்தும், மறுபக்கம் சிறைவைத்தும் பதில் சொல்லியிருப்பதை முரண்பாடு என்று ஒதுக்க முடியாது. பாரதி பாட்டு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. திரைப்படம் இன்னும் போட்ட முதலை எடுக்கவில்லை. வேறுபாடு காலத்தில் இருக்கிறது. அந்தக் காலம் எவ்வளவு என்பதில்தான் கொள்கை எப்போதும் தடுமாறியிருக்கிறது. தாகூரின் பதிப்புரிமை முடியும் தறுவாயில் 1992இல் இந்தியா 50 ஆண்டை 60 ஆக்கியது. பொருளியல் கணக்கு எதுவும் அதற்குப் பின்னால் இருந்ததாகத் தெரியவில்லை.

பெயருக்குப் போட்ட வேலி

பால்கோவாவுக்குத் திரும்புவோம், புவிசார் குறியீட்டின் எல்லா நல்லதும் கெட்டதும் அந்த வாணலியில் தெரியும். பாலில் ஏறக்குறைய 87 விழுக்காடு தண்ணீர். அகன்ற இரும்பு வாணலியில் அதைக் கொதிக்கவிட்டு, அடிபிடிக்காமல் துடுப்பால் ஓயாமல் துழாவி, நீரை வற்றச்செய்வதுதான் வேலை. சர்க்கரையை எந்தக் கட்டத்தில் போடுவது, எந்த நிறத்தில் இறக்குவது, குருணை எவ்வளவு நிற்க வேண்டும் என்பதெல்லாம் கைப்பழக்கம். சற்று முந்தி இறக்கினால் நீர்த்திருக்கும், சீக்கிரம் கெடும். பிந்தினால் வறண்டு கறுக்கும். இதில் எதையும் காப்புரிமையாகக் கோர முடியாது. வெகுகாலமாகத் தெரிந்தது புதுமை ஆகாது. மரபறிவைச் சட்டமே வெளிப்படையாக விலக்கிவைத்திருக்கிறது. எஞ்சியது பெயர் ஒன்றுதான்.

பெயருக்கு வேலி போடும் சட்டம் இந்தியாவுக்கு வந்ததே ஒரு பதற்றத்தில். டெக்சாஸின் ரைஸ்டெக் நிறுவனம் 1997இல் பாசுமதி ரகங்களுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றபோது, இந்தியாவில் பாசுமதி என்ற பெயருக்கே சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது உறைத்தது. 1999இல் சட்டம் இயற்றினார்கள். 2003இல் அது நடைமுறைக்கு வந்தது. பதிவகம் சென்னையில் அமைந்தது. முதல் பதிவு டார்ஜீலிங் தேயிலை. தமிழ்நாட்டில் காஞ்சிப் பட்டு, மதுரை மல்லி, பழனி பஞ்சாமிர்தம், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் என்று பட்டியல் வளர்ந்துகொண்டே போகிறது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டரும் அதில் உண்டு. மண்ணுக்கும் மோட்டாருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஐரோப்பாவில் இந்தக் கருத்து ஒயினிலிருந்து பிறந்தது. மண், வெயில், மழை ஆகியவை பொருளின் சுவையில் இருக்கின்றன, ஆகவே பெயர் இடத்துக்கு உரியது என்பது அதன் அடிப்படை. இந்தியச் சட்டம் தரம், கீர்த்தி, பிற தன்மை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இடத்தைச் சார்ந்திருந்தால் போதும் என்கிறது. செய்பொருளாக இருந்தால் உற்பத்தி, பதப்படுத்தல், தயாரிப்பு என்னும் வேலைகளில் ஒன்று அங்கே நடந்தாலே போதும். பதிவின் விவரக்குறிப்பு இதைவிட இறுக்கமாக இருக்கலாம். சட்டம் கேட்பது அவ்வளவுதான். மலையடிவாரக் கிராமங்களின் மேய்ச்சலே பால்கோவாவின் சுவைக்குக் காரணம் என்று ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள். அது உண்மையானால் பால் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்காணிக்காத குறியீடு பாதி வேலைதான் செய்கிறது. உண்மையில்லை, சுவை கையில்தான் இருக்கிறது என்றால், அந்தக் கை பஸ் ஏறி வேறு ஊருக்குப் போகும்போது பெயரும் ஏன் கூடப் போகக்கூடாது? ஆதரவாளர்கள் இவ்விரண்டில் எதைச் சொல்கிறார்கள் என்பதைத் தெளிவுபடுத்துவதில்லை.

அடுத்தது, வேலிக்குள் யார்? தனியாள் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. உற்பத்தியாளர் சங்கமோ அமைப்போதான் முடியும். பதிவுக்குப் பின்னும் ஒவ்வொரு தயாரிப்பாளரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியே பதிந்துகொண்டால்தான் போலிக்கு எதிராக வழக்குப் போடும் உரிமை கிடைக்கும். ஊரில் கூட்டுறவுச் சங்கம் காய்ச்சுகிறது, பரம்பரைக் கடைகள் காய்ச்சுகின்றன, வீட்டுக்குப் பின்கட்டில் இரண்டு அடுப்பு வைத்திருப்பவரும் காய்ச்சுகிறார். இந்த மூன்றாமவர் படிவம் நிரப்பிச் சென்னைக்கு அனுப்புவார் என்று எதிர்பார்ப்பது சற்றே அதிகம். இந்தியா முழுவதும் குறியீடுகள் குவிவதற்கும் பயனாளர் பதிவுகள் பின்தங்குவதற்கும் உள்ள இடைவெளியை ஆய்வாளர்கள் தொடர்ந்து சுட்டிவருகிறார்கள். பாலைக் கறந்து ஊற்றுபவர் இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. டப்பாவின் விலை ஏறினால் அவருடைய லிட்டர் விலை ஏறுமா என்பதற்குச் சட்டத்தில் விடை தேட முடியாது.

தொழில்நுட்பமும் இங்கே குறுக்கிடுகிறது. விறகடுப்பின் இடத்தில் நீராவிக் கொதிகலனும் துடுப்பின் இடத்தில் இயந்திரக் கிண்டியும் கடைச்சரக்காகவே கிடைக்கின்றன. புகையும் முதுகுவலியும் குறையும். சுவை மாறுகிறதா என்பதில் கடைக்காரர்களுக்குள்ளேயே இரு கட்சி இருக்கும். செய்முறையை விவரக்குறிப்பில் எழுதிப் பூட்டிவிட்டால் நாளைய மாற்றம் விதிமீறல் ஆகலாம். திறந்துவிட்டால் பால்பவுடரில் செய்ததற்கும் அதே பெயர் என்ற நிலை வரலாம். நுட்பத்தை உறையவைப்பது, பெயரை நீர்த்துப்போக விடுவது என்ற இந்த இரட்டை அபாயத்துக்கு எந்த நாடும் முழுத்தீர்வு கண்டதாகச் சொல்ல முடியாது.

கோயில் பிரசாதம் இந்தச் சிக்கலை இன்னொரு பக்கம் காட்டுகிறது. திருப்பதி லட்டு 2009இல் குறியீடு பெற்றது. ஆனால் அதைச் செய்யும் உரிமையுடையது தேவஸ்தானம் ஒன்றே. பல உற்பத்தியாளரின் கூட்டுரிமையாகக் கருதப்பட்ட ஒன்று தனி அமைப்பின் ஏகபோகமாகலாமா என்று அப்போது எழுந்த எதிர்ப்பு நியாயமானதே. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே திருவண்ணாமலை என்னும் சிற்றூர்க் குன்றின்மேல் இருக்கும் சீனிவாசப் பெருமாளைத் தென்திருப்பதி என்றே மக்கள் அழைக்கிறார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மலை நிறைந்துவிடும். பக்தியில் பெயரைப் பகிர்வது பெருமை சேர்ப்பது. பண்டத்தில் பகிர்ந்தால் வழக்கு. போதாக்குறைக்கு இந்த ஊரின் பெயரே வடக்கே ஒரு மாவட்டத் தலைநகருக்கும் இருக்கிறது. நாளை இரண்டு திருவண்ணாமலையிலிருந்தும் ஒரே வகைப் பண்டம் பதிவுக்கு வந்தால் என்ன செய்வது என்பதைச் சட்டம் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறது. ஒலியில் ஒன்றான பெயர்கள் இரண்டையும், வாங்குபவர் குழம்பாதபடி வேறுபடுத்திப் பதியலாம் என்கிறது அது.

பெயருக்கு வேலி என்பதன் வலுவான நியாயம் வாங்குபவர் பக்கம்தான் இருக்கிறது. ரயில் நிலையத்தில் டப்பா வாங்குபவர் அதைத் திறந்து பார்த்து வாங்குவதில்லை. பெயரை நம்பி வாங்குகிறார். எங்கோ செய்த சரக்கு இந்த ஊர்ப்பெயரில் விற்கப்படுகிறது என்ற புகார் நெடுநாளாக உண்டு. இதைப் பொய் என்ற காரணத்துக்காகவே தடுக்கலாம். சொத்து என்ற பெரிய கோட்பாடு தேவையில்லை. திண்டுக்கல் தலப்பாக்கட்டிப் பெயருக்காகச் சென்னை உயர்நீதிமன்றம் வரை நடந்த வழக்கும் பிரியாணிச் செய்முறையைப் பற்றியதல்ல. பெயரைப் பார்த்து உள்ளே நுழைபவர் எந்தக் கடையை நினைத்து நுழைகிறார் என்பதே அங்கே கேள்வி.

அதே அளவுகோலைச் சத்திரப்பட்டிப் பேண்டேஜுக்கு வைத்துப் பார்த்தால் குறியீட்டின் வரம்பு புலப்படும். காயத்துக்குக் கட்டுப்போடுபவர் துணி எந்த ஊர் என்று கேட்பதில்லை. மருத்துவமனை டெண்டரில் விலையும் தரச்சான்றும்தான் பேசும். பெயர் சந்தையில் பேசாத இடத்தில் பெயருக்கு வேலி போட்டும் பயனில்லை. உணவு, சேலை போன்றவற்றுக்கு வெளியே குறியீட்டை எல்லாத் தொழிலுக்கும் மருந்தாகப் பரிந்துரைக்கும் அரசு அறிவிப்புகள் இதைக் கணக்கில் எடுப்பதாகத் தோன்றவில்லை.

கருவி மாறினால் வாதம் மாறுமா

ஓலை கரையானுக்குப் போகுமுன் படியெடுத்தவரால்தான் சங்க நூல் பிழைத்தது. படியெடுப்பது அன்று புண்ணியம். அச்சு வந்தபின் நூலின் முதற்பக்கத்தில் பதிவு எண்ணும் எச்சரிக்கையும் வந்தன. ஜெராக்ஸ் வந்தபோது தில்லிப் பல்கலைக்கழக வளாகத்துக் கடை ஒன்றை எதிர்த்து மூன்று பெரும் பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. 2016இல் தில்லி உயர்நீதிமன்றம் கல்விக்கான படியெடுப்பைச் சட்டவிலக்கு என்று ஏற்றது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இலவசமாக உலகுக்குக் கொடுத்தது. நாட்டுடைமைக் கொள்கை இல்லாமல் இருந்திருந்தால் அதன் தற்கால இலக்கியப் பகுதி மிக மெலிந்திருக்கும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு. ஓபன்ஏஐ நிறுவனத்துக்கு எதிராக ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. இயந்திரம் படித்துக் கற்பதும் மனிதர் பார்த்துக் கற்பதும் ஒன்றா என்பதே அதன் மையம். ஒன்றுதான் என்பவர்கள் அய்ய நாடாரின் கல்கத்தாப் பயணத்தைத் தங்களுக்குச் சான்றாகக் காட்டலாம். ஆனால் கல்கத்தாவில் கற்றது ஒரு வறண்ட ஊருக்குத் தொழிலாகத் திரும்பியது. இங்கே கற்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெருநிறுவனங்கள். நகலுக்குச் சாதகமான பழைய வாதம் மெலிந்தவர் வலியவரிடமிருந்து கற்பதைத்தான் எப்போதும் மனத்தில் வைத்திருந்தது. திசை மாறினாலும் அந்த வாதம் நிற்குமா என்பதை யாரும் இன்னும் நிறைவாகச் சொல்லவில்லை.

இன்னும் முடியாத கணக்கு

இதுவரை பார்த்தவற்றிலிருந்து சிலவற்றை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். செய்முறையைப் பொதுவில் விட்ட இடங்களில் தொழில் வேகமாகப் பரவியிருக்கிறது. கூலிக்குத் தரை போடாத இடங்களில் அந்தப் பரவலின் விலையைத் தொழிலாளி கொடுத்திருக்கிறார். உரிமையை அரசு வாங்கிப் பொதுவாக்குவது வாசகருக்கு நல்லது, பாடத்தின் தரத்துக்கு அது போதாது. பெயருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் கடும் எதிர்ப்பாளர்களுக்கும் பெரிய மறுப்பில்லை. கருத்து வேறுபாடு அந்தப் பாதுகாப்பு எதை உறுதிசெய்கிறது என்பதில்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய பெயரைச் சுமக்கும் உணவு, விவரக்குறிப்பின்படி செய்யப்பட்டதா என்று சந்தைக்குப் போகுமுன் சரிபார்க்கப்பட வேண்டும். இந்தியாவின் 2002ஆம் ஆண்டு விதிகள், பெயரின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் ஆய்வு அமைப்பு 'இருந்தால்' அதன் விவரத்தை விண்ணப்பத்தில் தரச் சொல்கின்றன. இல்லாவிட்டாலும் பதிவு கிடைக்கும். ஊருக்கு வெளியே போலி டப்பாவைப் பிடிப்பதற்குச் சட்டம் இருக்கிறது. ஊருக்குள்ளேயே, உரிய பெயரில், பவுடர் கலந்து கிண்டுபவரைக் கண்டுபிடிக்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பொதுவான சோதனையைத்தான் நம்ப வேண்டும். அது கலப்படத்தைப் பார்க்கும், பதத்தைப் பார்க்காது.

ஆய்வைக் கட்டாயமாக்கலாம். அதற்கு ஆள் வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும், ஆண்டுதோறும் கட்டணம் வேண்டும். கூட்டுறவுச் சங்கமும் பெரிய கடையும் அதைத் தாங்கும்; இரண்டு அடுப்புக்காரர் தாங்கமாட்டார். செலவை அரசு ஏற்றால் எந்தக் குறியீட்டுக்கு ஏற்பது, எதற்கு மறுப்பது என்ற வரிசை நிற்கும். டப்பா விலையில் ஏற்றினால், பெயரில்லாத பால்கோவா பக்கத்துத் தட்டில் மலிவாகக் காத்திருக்கும்.